பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் சர்வீஸ்: ஒரு வருடம் பார்த்ததில்

ஒரகடம் பக்கம் எங்கள் குடோனில் நான்கு பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் ஓடுகின்றன. முன்பு ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் வருவார்கள், கிரீஸ் அடிப்பார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் நம்பர் வண்டி மதியம் மூன்று மணிக்கே படுத்துவிடும். கேட்டால், "புது பேட்டரி வாங்குங்க சார்." விலையைக் கேட்டு முதலாளி என்னைத்தான் முறைத்தார்.

இப்போது வருபவர் தனி ஆள். முதல் நாளே 48 வோல்ட் பேட்டரியின் 24 செல்களையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் கருவி) விட்டுப் பார்த்தார். இரண்டு செல்தான் போயிருந்தது. மற்றதெல்லாம் எங்கள் கைங்கரியம்! பையன்கள் சார்ஜ் போடும் முன்பே தண்ணீரை விளிம்பு வரை ஊற்றியிருக்கிறார்கள். சார்ஜில் பொங்கி ஆசிட் வெளியே வழிந்து, மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. "டிஸ்டில்டு வாட்டர் சார்ஜ் முடிஞ்ச பிறகுதான்ணே" என்றார். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி சார்ஜ் போடும் பழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார். லித்தியத்துக்கு அது சரி, ஈய பேட்டரிக்கு ஆயுள் குறையுமாம். அந்த இரண்டு செல்லை மாற்றியதோடு சரி. வண்டி இப்போது ஷிஃப்ட் முடியும்வரை ஓடுகிறது.

சுமையைத் தூக்கி இறக்கும் மாஸ்ட் செயினைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை. கேஜ் வைத்து அளக்கிறார், 3 சதவீதம் நீண்டிருந்தால் மாற்றச் சொல்கிறார்.

குறை? ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கமாட்டார். ஜிஎஸ்டி பில் ஒரு வாரம் கழித்துத்தான் வரும், அதுவரை அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் நான்தான் திட்டு வாங்கவேண்டும். இருந்தாலும் அடுத்த வருடத்துக்கும் அவரையே பேசிவிட்டேன்.