அண்ணாச்சி கடை, சூப்பர் மார்க்கெட், மேட்டுப்பாளையம்: எங்கே எந்தப் பிழை?

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் ஒட்டியிருந்த அட்டையில் துவரம்பருப்பு கிலோ 148 ரூபாய். பில்லில் 163. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலை 180, அதைத் தாண்டவில்லை. கேட்டதும் கல்லாவில் இருந்த பெண், "அக்கா, ஆஃபர் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டது, அட்டையை எடுக்க மறந்துவிட்டார்கள்" என்று சொல்லிப் பதினைந்து ரூபாயைத் திருப்பித் தந்தாள். எனக்குப் பின்னால் நின்ற ஆறு பேரும் அதே பருப்பை வைத்திருந்தார்கள். அவர்களில் யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மூன்று மாதம் பில்களைச் சேர்த்து வைத்தேன். குன்னூரில் எங்கள் வீட்டுக்கு மாதச் சாமான் வாங்க மூன்று வழிகள்: தெருமுனை அண்ணாச்சி கடை, டவுனில் உள்ள சூப்பர் மார்க்கெட், மலை இறங்கினால் மேட்டுப்பாளையம். எது மலிவு என்றுதான் முதலில் பார்க்கத் தொடங்கினேன். போகப்போக, எந்தக் கடை எப்படித் தவறும், அந்தத் தவறு என் கண்ணில் படுமா என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது.

சூப்பர் மார்க்கெட்டில் நான் பிடித்த பிழைகள் ஐந்து. ஐந்தும் எனக்கு நட்டமானவை. ஒரே சோப்பு இரண்டு முறை ஸ்கேன் ஆனது. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்றார்கள், பில்லில் மூன்றுக்கும் விலை விழுந்தது. எல்லாவற்றையும்விட வேடிக்கையானது காய்கறி. எடைபோடும் பையன் சாதா பீன்ஸுக்குப் பட்டர் பீன்ஸ் எண்ணைத் தட்டிவிட்டான். இந்த மலையில் பட்டர் பீன்ஸ் விற்கும் விலை தெரிந்தவர்களுக்கு அந்த விரல் தவறின் கனம் புரியும்.

ஆனாலும் அங்கே ஒரு வசதி உண்டு. தவறு அச்சில் இருக்கிறது, காகிதத்தை நீட்டினால் வாதமே இல்லை. கல்லாவை விட்டு நகர்வதற்குள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஏப்ரல், மே சீசனில் சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே நின்று பில்லைப் படிக்கக் கொஞ்சம் தடித்த தோல் வேண்டும். எனக்கு அது வந்துவிட்டது.

வரி விஷயத்திலும் சூப்பர் மார்க்கெட்டே நேராக நடந்துகொண்டது. 2025 செப்டம்பர் 22 அன்று பற்பசை, ஷாம்பு, குளியல் சோப்பு ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், நெய், வெண்ணெயின் வரி 12லிருந்து 5 ஆகவும் குறைந்தது. அங்கே பழைய விலை அச்சிட்ட பொட்டலத்துக்கும் பில்லில் புது விலை விழுந்தது. அண்ணாச்சி கடையில் பழைய சரக்கு தீரும்வரை பழைய விலைதான். கேட்டதற்கு, "நான் வாங்கின விலை அப்படிம்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் வரிக் குறைப்பின் பலன் வாங்குபவரைச் சேர வேண்டும் என்பதும் உண்மைதான்.

அண்ணாச்சியின் பிழைகள் பேனாவில் நடப்பவை. பற்று நோட்டில் 7 ஒன்றாகும், கூட்டலில் ஒரு பத்து தாவும். விலை ஏறியதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்தால்தான் உளுந்து ஏறியிருப்பது தெரியும். அதனால் நான் என் பக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வாங்கும் அன்றே தேதி, எடை, விலை எழுதிவிடுவேன். அவருடைய பிழை இரண்டு பக்கமும் சாயும், அதுதான் வித்தியாசம். மண்சரிவால் மலைப்பாதை அடைபட்டுத் தக்காளி லாரி வராத நாட்களில் அவர் வைத்ததே விலை. அதேசமயம் சம்பளம் தள்ளிப்போன மாதத்தில் வட்டி கேட்காமல் காத்திருப்பவரும் அவர்தான். இதை எந்தப் பத்தியில் எழுதிக் கூட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தராசைப் பார்க்க மறக்காதீர்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டிருக்க வேண்டும். பொருள் வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது யாரையும் அவமதிப்பதாகாது.

இரண்டு கடைக்கும் பொதுவான ஒரு பொறி இருக்கிறது, அதைப் பிழை என்றுகூடச் சொல்ல முடியாது. சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம். இப்போது 850, 800, 750 கிராம் பாக்கெட்டுகளும் ஏறக்குறைய அதே உருவத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. 910 கிராம் 150 ரூபாய், 800 கிராம் 140 ரூபாய் என்றால் கை தானாக இரண்டாவதற்குப் போகும். கணக்குப் போட்டால் முதலாவது நூறு கிராம் பதினாறரை ரூபாய், இரண்டாவது பதினேழரை. பத்து ரூபாய் மிச்சம் என்று எடுத்தது உண்மையில் விலை கூடியது. பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் விலை மாறாமல் இளைத்துக்கொண்டே வருவதும் இதே வித்தைதான். அதிகபட்ச விலைக்குப் பக்கத்தில் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்பதையும் பொடி எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது விதி. கண்ணாடியை மறக்காமல் கொண்டுபோங்கள்.

மேட்டுப்பாளையம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரிசி மூட்டை, பருப்பு, மிளகாய், புளி என்று மொத்தமாக வாங்கினால் மலிவு. பஸ் கட்டணம், சுமைகூலி, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றும் தலை எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டு வீடுகள் பங்கு போட்டால்தான் கட்டுபடியாகும். வீடு வந்தபின் எடை குறைவு தெரிந்தால் திரும்பிப்போய்க் கேட்கவும் முடியாது. எங்கள் மலையில் கேத்தி பாலாடாவில் விளைந்த கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, மறுபடியும் மலையேறி வந்து நம்மிடமே விற்கப்படும் கூத்தும் உண்டு. காய்க்கு உழவர் சந்தை போதும். அன்றைய விலை பலகையில் இருக்கும், அதைப் படித்துவிட்டு உள்ளே போனால் பேரமும் வேண்டாம், சந்தேகமும் வேண்டாம். கேரட் கழுவி ஈரம் சொட்டச்சொட்ட இருந்தால் மட்டும் உதறிவிட்டுத் தராசில் போடச் சொல்லுங்கள்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த விலையோடு எந்தக் கடையும் போட்டியிட முடியாது. அங்கே பார்க்க வேண்டியது செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தியை. வாங்காத பொருள் அதில் வாங்கியதாக இருந்தால் 1967க்கு அழைக்கலாம். மற்ற கடைகளில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் நுகர்வோர் உதவி எண் 1915.

இப்போதைக்கு என் ஏற்பாடு இது: எண்ணெய், சோப்பு, நெய் சூப்பர் மார்க்கெட்டில், பில்லோடு. காய் உழவர் சந்தையில். மீதியெல்லாம் அண்ணாச்சியிடம், இரண்டு நோட்டோடு. போன மாதம் இரண்டையும் ஒப்பிட்டபோது 92 ரூபாய் இடித்தது. குளிரில் உறைந்து கிடந்த ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் எழுத மறந்திருந்தார். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.