அரிட்டாபட்டி மலை நடை: மலையைக் காத்தவர்களே வழிகாட்டும் ஞாயிறு காலை

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் இடப்பக்கம் பிரிந்து, வயல்களையும் கண்மாய்க் கரைகளையும் ஒட்டிச் செல்லும் கிராமச் சாலையில் அரிட்டாபட்டி இருக்கிறது. நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவு. ஊர்க்காரர்களும் மதுரையைச் சேர்ந்த ஆர்வலர்கள் சிலரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வப்போது நடத்தும் மலை நடையில் அண்மையில் கலந்துகொண்டேன். கட்டணம் எதுவும் இல்லை; காலை உணவுச் செலவுக்கு விரும்பியதைக் கொடுக்கலாம். இவர்கள் சுற்றுலா நிறுவனம் நடத்துபவர்கள் அல்லர், பெயரை முன்னிறுத்திக்கொள்ள விரும்புகிறவர்களும் அல்லர் என்பதால் குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை.

மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்குக் கூட்டிச் செல்லும் நடைகள் வேறும் உண்டு. கல்வெட்டைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவற்றில் எதுவும் போதும். டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தால் இந்த மலை பறிபோகவிருந்த நாட்களில் சாலையில் இறங்கி நின்று போராடியவர்களே நமக்கு முன்னால் நடந்து வழிகாட்டுவதுதான் அரிட்டாபட்டி நடையின் தனிச்சிறப்பு. அதனால் அவர்கள் காட்டும் பொருள்களும், காட்டும் வரிசையும்கூட மாறிவிடுகின்றன.

பொதுவாக நேரே குடைவரைக் கோயிலுக்குத்தான் அழைத்துப் போவார்கள். இங்கே முதலில் ஒரு பாறைச் சரிவின் அடியில் நிறுத்தி, மழைநீர் வழிந்து வழிந்து கறுத்துப்போன தடங்களைக் காட்டுகிறார்கள். அந்தத் தடத்தைக் கண்ணால் தொடர்ந்தால் அது ஒரு சுனையில் போய் முடிகிறது. சுனை நிரம்பி வழியும் நீர் ஓடையாகிக் கண்மாயை அடைகிறது. ஒரு கண்மாய் பெருகி மறுகால் (உபரிநீர் வெளியேறும் வழி) பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். ஏழு குன்றுகள், 72 கண்மாய்கள், 200 ஊற்றுகள், 3 தடுப்பணைகள் என்று அரசு ஆவணங்கள் பட்டியலிடுவதை நான் முன்பே படித்திருக்கிறேன். ஆனால் எந்தப் பாறையின் நீர் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, எந்த வயல் எந்த மடையில் பாய்கிறது என்று அங்கே நெல் விளைவிப்பவரே கைநீட்டிச் சொல்லும்போதுதான், மொட்டைப் பாறையாகத் தெரியும் குன்று ஓர் ஊரின் நீர்ப்பிடிப்பு என்பது முழுமையாக விளங்குகிறது. நடையின் மிகச் சிறந்த பகுதி இதுவே. இதற்கு இன்னும் அதிக நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

குடைவரைச் சிவன் கோயில் முற்காலப் பாண்டியர் காலத்தது, கி.பி. 7 அல்லது 8 ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். கருவறை லிங்கம் அதே தாய்ப்பாறையில் செதுக்கப்பட்டது. சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசர் கையில் தண்டத்துடன் அமர்ந்திருக்கும் சிற்பம் தமிழ்நாட்டில் அரிதானது என்பதால், சிற்பக்கலையில் ஆர்வமுள்ளவர்கள் இதற்காகவே வரலாம். அங்கிருந்து சமணர் குகைக்கு ஏறுகிறோம். மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் காடி (நீர் வடியும் பள்ளக்கோடு) வெட்டியிருக்கிறார்கள். அங்கேதான் பழந்தமிழ் எழுத்து வடிவமான தமிழ்பிராமி எழுத்துகள் உள்ளன. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவரும், இலஞ்சியைச் சேர்ந்த ஒருவரும் இக்குகையைத் துறவிகளுக்கு அமைத்துக் கொடுத்த செய்தியை அவை சொல்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை. காலை வெயில் சாய்வாக விழும்போது கூர்ந்து பார்த்தால் சில எழுத்துகள் தெளிவாகவே தெரிகின்றன. புகைப்படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று எழுத்துகளின் மேல் சுண்ணக்கட்டியால் தேய்க்கும் பழக்கத்தை வழிகாட்டி கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். தாமும் விரலை ஒரு சாண் தள்ளி நிறுத்தியே எழுத்துகளைச் சுட்டினார். பக்கத்திலேயே அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்த தீர்த்தங்கரர் சிற்பமும், அதன் கீழ் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டும் இருக்கின்றன. இவ்விடத்தில் விளக்கவுரை சற்று நீண்டுவிட்டது. நிழலில்லாத பாறையில் முதியவர்களும் குழந்தைகளும் தவித்ததை அமைப்பாளர்கள் கவனித்திருக்க வேண்டும்.

பறவைகள் விஷயத்தில் இக்குழுவை எவ்வளவு பாராட்டினாலும் தகும். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளி உள்ளிட்ட ஏறத்தாழ 250 பறவை இனங்கள் இப்பகுதியில் பதிவாகியுள்ளன. அழுங்கும் (எறும்புத்தின்னி) தேவாங்கும் மலைப்பாம்பும்கூட உண்டு. கூடு எந்தப் பாறையில் இருக்கிறது என்று எத்தனை பேர் கேட்டும் அவர்கள் சொல்லவில்லை. தொலைவில் வட்டமிடும் பறவையைத் தொலைநோக்கியில் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். பெரிய லென்ஸுடன் வந்திருந்த சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் சரி.

உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும் பாறையில் அமர்ந்துதான் போராட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். டங்ஸ்டனுக்கு முன்பே கிரானைட் குவாரிக்கு இந்த மலைமேல் கண் விழுந்திருந்தது. அப்போதும் ஊர் எதிர்த்து நின்றது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இனி அச்சமில்லை என்று பலர் நினைத்திருந்த நிலையில், 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் (சுரங்கத்துக்கென வரையறுத்த நிலப்பரப்பு) ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக ஒன்றிய அரசு அறிவித்தது. அத்தொகுதியின் பரப்பு 2015.51 ஹெக்டேர்.

இந்த இரண்டு எண்களையும் வழிகாட்டி காகிதத்தில் காட்டவில்லை. எழுந்து நின்று கையால் காட்டினார். பாரம்பரியத் தலத்தின் எல்லை கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. தொகுதியின் எல்லையோ அதற்கும் அப்பால் வயல், தோப்பு, கோயில், வீடு என்று அ.வல்லாளப்பட்டி, நாயக்கர்பட்டி, கிடாரிப்பட்டி வரை விரிகிறது. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிலமே பல்லுயிர்த் தலம். 2024 டிசம்பர் 24 அன்று, பல்லுயிர்த் தலத்தை நீக்கிவிட்டுத் தொகுதியின் எல்லையை மறுவரையறை செய்ய முடியுமா என்று ஆராயுமாறு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தை ஒன்றிய சுரங்க அமைச்சகம் கேட்டுக்கொண்டபோது, கிராமங்கள் அதை ஏன் ஏற்கவில்லை என்பது எனக்கு அந்தப் பாறையில்தான் முழுதாகப் புரிந்தது. மலையை விட்டுவிட்டு மலைநீர் போகும் வயலைத் தோண்டினால் கண்மாய் யாருக்கு? திட்டத்தை முழுமையாகக் கைவிட வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். அதற்கு முன்பே, டிசம்பர் 9 அன்று, சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கான விவசாயிகள் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

இவ்வளவையும் கால் மணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள் என்பதுதான் என் முதன்மையான குறை. தங்கள் பங்கைப் பற்றிப் பேச அவர்களுக்குக் கூச்சம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் ஊர்கள் எப்படி ஒன்றுகூடின, கிராமசபைகள் என்ன பங்காற்றின, பெண்கள் எந்த அளவுக்கு முன்னின்றார்கள் என்பதெல்லாம் இதே நிலை வரக்கூடிய வேறு ஊர்களுக்குத் தேவையான செய்தி. அதை அவர்களைவிட வேறு யாரும் சரியாகச் சொல்ல முடியாது. ஒரு பக்க அளவில் அச்சிட்ட குறிப்பும், இரண்டு எல்லைகளையும் காட்டும் எளிய வரைபடமும் கொடுத்தால் பெரும் உதவியாக இருக்கும்.

வேறு குறைகளும் உண்டு. மலைப்பகுதியில் கழிப்பறை வசதி இல்லை. இதைப் பெண்களுக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும். கூட்டமும் அதிகம். இத்தனை பேர் ஒரே வரிசையில் ஏறினால் பறவைகள் விலகிப்போகத்தான் செய்யும். இரண்டு குழுக்களாகப் பிரித்துக் கூட்டிச் செல்லலாம். காலை உணவாகக் கிடைத்த இட்லியும் சாம்பாரும் நன்றாக இருந்தன. வாழை இலையில் பரிமாறினார்கள், பிளாஸ்டிக் குப்பை ஒன்றுகூட விழவில்லை.

போக விரும்புகிறவர்கள் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போவது நல்லது. சுனைகளிலும் ஆனைகொண்டான் கண்மாயிலும் தண்ணீர் இருக்கும், வெயிலும் தாங்கும்படி இருக்கும். வழுக்காத செருப்பும், குடிநீரும், தலைக்குத் துண்டோ தொப்பியோ அவசியம். குகை வரை ஏறுவது பெரும்பாலோருக்கு இயலும். அதற்கு மேல் முழங்கால் வலி உள்ளவர்கள் முயல வேண்டாம், கீழே கண்மாய்க் கரையிலேயே இருந்துகொள்ளலாம். கண்மாய்களை மட்டும் மறுகால் வழியே தொடர்ந்து செல்லும் தனி நடை ஒன்றைத் தொடங்கும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார்கள். அது தொடங்கினால் கட்டாயம் மீண்டும் போவேன்.