தூங்கும் இளவரசி விரல் பொம்மை செட்: தையல் ஓகே, ஆள் செலக்‌ஷன் சுமார்

குழந்தைங்களுக்கு கதை சொல்றதுக்குன்னு இந்த செட் வாங்கினேன், துணி பொம்மை, மொத்தம் 8. தையல் கெட்டி, பல்லுல கடிச்சு இழுத்தும் நூல் பிரியல. பெரியவங்க விரலுக்கும் சரியா உக்காருது. இளவரசிக்கு ஒரு பக்கம் கண்ணு மூடி இருக்கு, திருப்பினா முழிச்சிருக்கா, யாரு யோசிச்சாங்களோ செம!

ஆனா யார் யாரை வச்சிருக்காங்கன்னு பாத்தாதான் கடுப்பு. ராஜா, ராணி, இளவரசன், இளவரசி, 3 தேவதை, ஒரு சூனியக்காரி, அவ்ளோதான். டப்பா மேல கிரிம் சகோதரர்கள் கதைன்னு பெருசா போட்டிருக்கு, ஜெர்மனியில நாட்டுப்புறக் கதைங்களை தொகுத்த அவங்க 1812ல வெளியிட்ட கதையில தேவதைங்க மொத்தம் 13 பேரு, ராஜாகிட்ட தங்கத்தட்டு 12தான் இருக்குன்னு ஒருத்தங்கள மட்டும் விருந்துக்கு கூப்பிடாம விட்டுடுவாரு, சண்டையே அதுலதான். 13 பொம்மை யாரும் கேக்கல, ஒரு தட்டாவது வச்சிருக்கலாம்ல? அது இல்லாம கோரப்பல்லோட ஒரு சூனியக்காரிய மட்டும் குடுத்தா, அவங்களுக்கு ஏன் அவ்ளோ கோவம்னு குழந்தை கேக்கும்போது கையில காட்ட ஒண்ணும் இல்ல. கூப்பிடாம விட்ட அந்த தேவதை இளவரசிக்கு சாவுன்னு குடுத்த சாபத்தை 100 வருஷ தூக்கமா மாத்துறது 12வது தேவதை, கதையோட ஹீரோயினே அவங்கதான்னு நான் சொல்வேன், இங்க மூணு தேவதையும் ஒரே மூஞ்சி, கலர் மட்டும் வேற.

இளவரசனுக்கு கத்தி, தொப்பி, மத்த பொம்மைய விட ரெண்டு விரல்கடை உயரம் வேற. இவர் என்ன பண்ணாரு? 100 வருஷம் முடியுற அன்னிக்கு கரெக்டா வந்தாரு, அரண்மனைய சுத்தி வளந்திருந்த முள்வேலி தானே பூவாகி வழி விட்டுச்சு. கத்திய வெளிய எடுக்கவே வேலை வரல.

எனக்கு பெரிய ஏமாற்றம் அரண்மனை ஆளுங்க ஒருத்தர் கூட இல்லாததுதான். இளவரசியோட சேந்து குதிரை, நாய், கூரை மேல புறா, சுவத்துல ஈ, அடுப்புல நெருப்பு வரைக்கும் தூங்குற கதைங்க இது. சமையல்காரர் எடுபிடி பையன் முடிய புடிச்சு இழுக்கப் போற நேரத்துல அப்படியே தூங்கிடுவாரு, 100 வருஷம் கழிச்சு முழிச்சதும் முதல் வேலையா அவனுக்கு ஒரு அறை விடுவாரு, குழந்தைங்க விழுந்து விழுந்து சிரிக்கிறது அங்கதான். இப்போதைக்கு ஜோடி தொலைஞ்ச சாக்ஸ்தான் எங்க வீட்ல சமையல்காரர், ராஜா கிரீடத்தை கழட்ட முடியாததால அவரால டபுள் ரோல் பண்ண முடியல.

துணிக்கும் தையலுக்கும் தாராளமா வாங்கலாம், 5க்கு 3. அடுத்த தடவை இளவரசனை எடுத்துட்டு அந்த இடத்துல சமையல்காரரையும் பையனையும் போடுங்க, இன்னொரு செட் கண்டிப்பா வாங்குவேன்.