டீஹைட்ரேட்டர்: நாய்க்கு ட்ரீட் செய்ய வாங்கலாமா?

சூடான காற்றால் உணவின் ஈரத்தை எடுத்து உலர்த்தும் இந்த இயந்திரத்தை வாங்கலாம். ஆனால் இறைச்சியை உள்ளே வைப்பதற்கு முன்னாலேயே வேகவைக்கிற பொறுமை உங்களுக்கு இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் இந்த இயந்திரத்தைக் காய்கறிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பெட்டியின் மேல் சிவப்புச் சிவப்பாக இறைச்சித் துண்டுகளை அடுக்கிப் படம் போட்டிருப்பார்கள், பக்கத்தில் ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

கடையில் விற்கும் உலர் இறைச்சித் துண்டுகளை நிறுத்தியதற்கு எனக்குக் காரணம் உண்டு. ஜெர்க்கி வகை ட்ரீட் தின்ற நாய்களுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது என்று 2007-லிருந்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் வரத் தொடங்கின. 2015 முடிவதற்குள் சுமார் 5,200 புகார்கள். அவற்றில் 6,200-க்கும் மேற்பட்ட நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும், 1,140-க்கும் மேற்பட்டவை இறந்ததாகவும் பதிவாகியிருந்தது. சில நாய்களுக்கு ஃபான்கோனி நோயைப் போன்ற சிறுநீரகக் கோளாறு வந்தது. இத்தனை ஆண்டுகள் தேடியும் இதுதான் காரணம் என்று எதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதைப் படித்த பிறகு பாக்கெட்டைத் திருப்பிப் பொருட்பட்டியலைப் பார்க்கிற பழக்கம் வந்தது. கோழி என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கும். பின்னால் கிளிசரின், சர்க்கரை, உப்பு, நிறமூட்டி. நிறமெல்லாம் யாருக்காக? எங்கள் நாய் வாண்டு எதையும் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்ததே இல்லை.

நான் வைத்திருப்பது ஆறு தட்டு, பின்பக்கம் விசிறி உள்ள வகை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடியிலிருந்து காற்று விடும் வட்ட வகையும் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் இறைச்சிக்கு அது சரிப்படாது. மேல்தட்டில் இருக்கும் ஈரலின் சாறு கீழ்தட்டில் சொட்டும், சில மாடல்களில் விசிறிக்கே போய்ச் சேரும். கீழே இருப்பது கருகலாகக் காயும்போது மேலே இருப்பது இன்னும் பிசுபிசுவென்று இருக்கும். பின்பக்க விசிறி என்றால் எல்லாத் தட்டுக்கும் பக்கவாட்டில் காற்று போகிறது. அப்படியும் விசிறியை ஒட்டிய ஓரம் முன்னதாகக் காய்ந்துவிடும் என்பதால் நடுவில் ஒருமுறை தட்டுகளை முன்பின்னாகத் திருப்பி வைக்க வேண்டும். தட்டு எவர்சில்வராக இருப்பது முக்கியம். பிளாஸ்டிக் வலையில் ஒட்டிய ஈரலைச் சுரண்டிக்கொண்டு நிற்பது பெரிய தண்டனை.

இனி வெப்பநிலைக்கு வருகிறேன், இதில்தான் மதிப்பெண் குறைகிறது. திரையில் 70 டிகிரி செல்சியஸ் என்று காட்டும்போது உள்ளே ஒரு தனித் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். கதவோரத்தில் 60-ஐச் சுற்றித்தான் இருந்தது. ஆப்பிளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பச்சைக் கோழிக்கு இது ஆபத்து.

காற்று 70 டிகிரியில் இருந்தாலும் ஈரமான இறைச்சி அந்தச் சூட்டை எட்டாது. நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அதன் மேற்பரப்பு குளிர்ந்தபடியே இருக்கும். ஈரம் போய் இறைச்சி சூடேறுகிற நேரத்தில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் வறட்சிக்குப் பழகி, வெப்பத்தையும் தாங்கிக்கொள்ளத் தயாராகிவிடுகின்றன. அதனால்தான் ஜெர்க்கி செய்பவர்களுக்கு அமெரிக்க வேளாண் துறை ஒரு வரிசையைச் சொல்கிறது: முதலில் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி என்றால் உள்சூடு 71 டிகிரி, கோழி என்றால் 74 டிகிரி வரும்வரை சமைக்க வேண்டும், அதற்குப் பிறகே 55, 60 டிகிரியில் உலர்த்த வேண்டும். மனிதருக்காகச் சொன்னதுதான் என்றாலும் நாய்க்கு ஊட்டும் கையும், நக்கிய வாயும் வீட்டு மனிதருடையவைதானே. நாய் தாங்கிக்கொள்ளும் கிருமியைக் குழந்தை தாங்காது.

ஆகவே நான் செய்வது இப்படி. கோழியின் நெஞ்சுக் கறியில் கொழுப்பை முழுக்க நறுக்கி எடுத்துவிடுவேன். உலர்ந்த கொழுப்பு சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். பாதி உறைந்த நிலையில் கறியை வைத்து அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டினால் கத்தி வழுக்காமல் போகும். ஆவியில் வேகவைத்து, தடித்த துண்டு ஒன்றில் ஊசித் தெர்மாமீட்டரைக் குத்தி 74 வந்ததா என்று பார்த்துவிட்டுத் தட்டில் பரப்புவேன். ஒன்றையொன்று தொடக்கூடாது. அதன்பின் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். காற்றில் ஈரம் இருக்கிற நாளில் இன்னும் இழுக்கும். ஒரு துண்டை எடுத்து ஆறவிட்டு ஒடித்துப் பார்க்க வேண்டும். சூட்டோடு ஒடித்துப் பார்த்தால் ஏமாற்றும். வேகவைத்து உலர்த்தியது படத்தில் இருப்பதுபோல் தோலாக வளையாது, பொடிப்பொடியாக உடையும். இதைக் குறையென்று எழுதியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். "உட்கார்", "இரு" என்று பழக்குகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. விரல் நகத்தளவு துண்டுக்கு வாண்டு காட்டும் மரியாதை முழுத் துண்டுக்குக் காட்டுவதைவிட எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் முதலில் வேகவைத்துவிடுங்கள். பச்சையாக உலர்த்தினால் அதன் மாவுச்சத்து சரியாகச் செரிக்காது, மறுநாள் அள்ளும்போது தெரியும். வெந்த கிழங்கை விரற்கனத்தில் பாதியாக நறுக்கி உலர்த்தினால் மெல்லுவதற்கு நன்றாக இருக்கும். ஆப்பிளில் விதையையும் நடுத்தண்டையும் எடுத்துவிட்டால் போதும். காரட் பரவாயில்லை, ஆனால் சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. அதற்குப் பச்சைக் காரட்டே மேல்.

ஈரல்தான் இந்த இயந்திரத்தின் நட்சத்திரம். வாசனை வீடு முழுக்க நிற்கும், திரைச்சீலையில்கூட. பால்கனியில் வைத்து ஓட்டுங்கள். ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், தாமிரமும் அதிகம். பட்டாணி அளவில் வெட்டி, நாளுக்கு ஓரிரு துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். கிண்ணம் நிறைய வைக்கிற பண்டம் இல்லை. எலும்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உலர்த்தாதீர்கள், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

கூடவே வந்த செய்முறைக் கையேட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மனிதருக்கான ஜெர்க்கி பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நாய் படம் போட்டிருக்கிறார்கள். அந்த ஜெர்க்கியில் வெங்காயத்தூள், பூண்டுத்தூள், சோயா சாஸ். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைத்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும், தூளாக இருந்தால் சிறிய அளவே போதும். உலர்பழப் பக்கத்தில் திராட்சை முதலில் நிற்கிறது. அது நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியது, எத்தனை தின்றால் ஆபத்து என்பதும் நாய்க்கு நாய் மாறும். பழக்கூழ் சுருளுக்குச் சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்க்கலாமாம்! நாய்க்கு அது ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும், ஈரலையும் கெடுக்கும். நேர அட்டவணை உள்ள பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மறந்துவிடலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று, உலர்ந்த துண்டின் கனம். பச்சைக் கோழி நெஞ்சுக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர். 100 கிராம் கறி காய்ந்து 30 கிராமுக்குள் வந்துவிடும், ஆனால் அதிலிருந்த 120 கலோரி அப்படியே இருக்கும். 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 630 கலோரி என்று கால்நடை மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். ட்ரீட் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அப்படியென்றால் 63 கலோரி, அதாவது உலர்ந்த கோழி 15 கிராம் அளவுதான். தராசில் வைத்துப் பாருங்கள், உள்ளங்கைகூட நிறையாது. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு துண்டு என்று எல்லோரும் தனித்தனியாக அன்பு காட்டினால் காலைக்குள் கணக்கு முடிந்துவிடும். இப்போது காலையிலேயே அன்றைய பங்கை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்துவிடுகிறேன், கொடுப்பவர்கள் அதிலிருந்து கொடுக்க வேண்டும்.

இயந்திரம் வந்த ஜோரில் முழுச் சாப்பாட்டையே வீட்டில் செய்துவிடலாமா என்று எங்கள் மருத்துவரிடம் கேட்டேன். "நீங்க செய்யறது பண்டம்மா. சாப்பாடுன்னா வேற கணக்கு" என்றார். அவர் சொன்னது சரி. புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டுச் செய்முறைகளை டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலசினார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில் 95 சதவீதச் செய்முறைகளில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைந்திருந்தது. வெறும் கறியைப் போட்டால் பாஸ்பரஸ் ஏறும், கால்சியம் இருக்காது. குட்டி நாயாக இருந்தால் எலும்பே வளைந்துபோகும். முழு உணவை வீட்டில் செய்தே தீர வேண்டும் என்றால் கால்நடை ஊட்டச்சத்து படித்தவர் எழுதிக் கொடுத்த அளவோடு செய்யுங்கள். டீஹைட்ரேட்டர் அந்த வேலைக்கு வந்தது அல்ல.

சேமிப்பு விஷயத்தில் சோம்பல் கூடாது. பதப்படுத்தி எதுவும் சேர்க்காததால் பூஞ்சைதான் எதிரி. நன்றாக ஆறிய துண்டுகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, மறுநாள் உட்புறத்தைப் பார்க்கிறேன். ஒரு துளி வியர்த்திருந்தாலும் எல்லாம் மறுபடி தட்டுக்குப் போகும். ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொண்டு மீதியை உறையவைத்துவிடுவேன்.

சத்தம் மேசை விசிறி அளவுதான், ஆனால் எட்டு மணி நேரம் ஓடும். தட்டுகளை உடனே வெந்நீரில் ஊறப்போட்டால் கழுவுவது எளிது. கதவின் ரப்பர் இடுக்கில் கொழுப்பு சேர்கிறது, அது ஒளிந்துகொள்ள இடமில்லாத, துடைக்க எளிதான வடிவம் ஒன்றை யாராவது யோசித்தால் நன்றாயிருக்கும். டைமர் 24 மணி நேரம் வரை வைக்கலாம், முடிந்ததும் தானாக அணைகிறது. நம்பலாம்.

பூனை மட்டும் வைத்திருப்பவர்கள் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. எங்கள் மீனு கிழங்கையும் ஆப்பிளையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பூனைக்கு இனிப்பே தெரியாது. நாக்கில் அதை உணர வைக்கும் மரபணு பூனையினத்தில் செயலிழந்துவிட்டது என்று 2005-ல் கண்டறிந்தார்கள். அதற்குப் பிடித்தது கோழியும் மீனும்தான், அதுவும் பொடியாக நசுக்கி உணவின்மேல் தூவினால். அதற்கு, வேகவைத்த கறியில் நான்கு துணுக்கைப் பிய்த்துப் போட்டாலே போதும். ஆறு தட்டை ஒரு பூனைக்காக ஓட்டினால், மீதமெல்லாம் பக்கத்து வீட்டு நாய்க்குத்தான் போகும்.