மிசஸ் வேஜஸ் பிக்ளிங் லைம்: ரீஃப் தொட்டிக்குப் போதுமா?

அமெரிக்க மளிகைக் கடைகளில் ஊறுகாய்ச் சாமான்களோடு ஒரு பவுண்டு பையாகக் கிடைக்கிற இந்தப் பொடி வெறும் கால்சியம் ஹைட்ராக்சைடு. ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்கள் கால்க்வாசர் என்று டப்பாவில் வாங்குவதும் அதேதான். உணவுத் தரச் சரக்கு என்பதால் தயங்காமல் வாங்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பும் இதுதானே என்றால், ஆமாம். ஆனால் அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. தொட்டிப் பக்கம் வேண்டாம்.

பவளம் ஓடு கட்ட எந்த விகிதத்தில் எடுக்கிறதோ அதே விகிதத்தில், 2.8 டிகேஎச் ஆல்கலினிட்டிக்கு (தண்ணீரின் கார்பனேட் இருப்பு; டிகேஎச் அதன் அலகு) சுமார் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கால்சியம் என்று, இரண்டையும் சேர்த்தே இது கொடுத்துவிடுகிறது. கால்சியம் குளோரைடும் சோடா ஆஷும் தனித்தனியாக ஊற்றும் முறையில் சேர்கிற உப்பு இதில் சேர்வதில்லை. கூடவே, தண்ணீரில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை ஹைட்ராக்சைடு பிடித்துக்கொள்வதால் பிஎச் ஏறும். ஏசி போட்டுச் சன்னல் சாத்திய வீடுகளில் 7.8-ஐத் தாண்டாத தொட்டிகளுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது.

லிட்டருக்கு 1.5 கிராம் போதும். அதற்கு மேல் போட்டால் பெரும்பாலும் கரையாமல் அடியில் தங்கும். வெந்நீர் உதவாது, சூடு ஏற ஏற இது குறைவாகத்தான் கரையும். ஆர்ஓ-டிஐ தண்ணீரில் (உப்பும் தாதுவும் நீக்கிய தூய நீர்) போட்டு ஒரு முறை நன்றாகக் கலக்கி, மூடி, சில மணி நேரம் தெளியவிடுங்கள். மேலே கண்ணாடிச் சில்லு போல மெல்லிய ஏடு படியும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் உண்டாகும் கால்சியம் கார்பனேட் அது. உடைக்காமல் விட்டால் கீழே இருப்பதற்குக் கொஞ்சம் காவலாக இருக்கும். ஏர் ஸ்டோன் போடுவதோ ஓயாமல் கலக்குவதோ கரைசலைக் கெடுக்கும். பொடியின் அழுக்கு வண்டலோடு தங்குவதால் கரைசலை உறிஞ்சும் குழாயின் வாய் அடியிலிருந்து மூன்று விரற்கடை உயரத்தில் இருக்கட்டும். பிஎச் 12.4 உள்ள திரவம் இது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

ஆவியாகிப் போன நீருக்கு ஈடாகத்தான் இந்தக் கரைசலை ஊற்றுகிறோம், ஆகவே இதன் எல்லை ஆவியாதலில் இருக்கிறது. 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியானால், அந்த 3 லிட்டரையும் முழுச் செறிவில் ஈடுகட்டினாலும் கிடைப்பது சுமார் 1.7 டிகேஎச், 12 பிபிஎம் கால்சியம். மென்பவளமும் எல்பிஎஸ்ஸும் (பெரிய பாலிப் கொண்ட கல்பவளங்கள்) உள்ள தொட்டிக்குப் பெரும்பாலும் இது தாராளம். கால்சியத்தை அதிகம் இழுக்கும் கல்பவளமான அக்ரோபோரா நெருக்கமாக வளர்கிற தொட்டிக்குப் போதாமல் போகலாம். அங்கே இதைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வேறு வழியில் கொடுங்கள்.

கால்சியம் ஏற்கெனவே 340 பிபிஎம்முக்கு இறங்கியிருந்தால் இந்தப் பொடியால் தூக்க முயலாதீர்கள். கால்சியம் 420 வருவதற்குள் ஆல்கலினிட்டி எகிறிவிடும். அதே 200 லிட்டருக்கு 59 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டைக் கரைத்து இரண்டு மூன்று நாளில் பிரித்து ஊற்றி, அளவு சரியானபின் கால்க்வாசருக்கு வாருங்கள். மெக்னீசியம் 1250 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். அது குறைந்த தண்ணீரில் கார்பனேட் எளிதாகப் படிந்துவிடும், எவ்வளவு ஊற்றினாலும் எண்கள் நிற்காது.

ஆவியான நீரைத் தானாக நிரப்பும், மிதவை ஸ்விட்ச் வைத்த ஏடிஓ பம்பில் இதை நேரடியாகக் கொடுப்பதுதான் வழக்கமான விபத்து. ஸ்விட்ச் சிக்கிக்கொண்டால் வாளி முழுவதும் தொட்டிக்குள் போய், பிஎச் 9-ஐத் தாண்டி, தண்ணீர் பால் போல வெளுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அளந்து தள்ளும் பெரிஸ்டால்டிக் டோசிங் பம்பை வாங்கிவிடுங்கள். சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில், ஹீட்டரிலிருந்து தள்ளி, சொட்டுச்சொட்டாக, முடிந்தவரை இரவில் விடுங்கள். பிஎச் 8.5-ஐத் தொட்டால் நிறுத்துங்கள். சம்ப்பிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பின் இம்பெல்லரில் (உள்ளே சுழலும் சக்கரம்) கார்பனேட் படியும். சில மாதங்களுக்கு ஒரு தரம் தண்ணீர் கலந்த வினிகரில் ஊறவைத்தால் போய்விடும்.

குறை என்றால் பை. ஒரு முறை பிரித்தபின் அதிலேயே விட்டால் பொடி காற்றை இழுத்து மெல்லக் கார்பனேட்டாகும். உடனே காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள். பழைய பொடியில் சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்து வினிகரில் போடுங்கள்: நுரைக்காமல் கரைந்தால் நல்லது, பொங்கி நுரைத்தால் கெட்டுவிட்டது. 454 கிராம் பையில் சுமார் 300 லிட்டர் கரைசல் வரும். மேலே சொன்ன தொட்டிக்கு மூன்று மாதத்துக்குக் குறையாது, ஆகவே ஒரே நேரத்தில் நாலைந்து பை வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை.