1978இன் ஆம்ப், 1988இன் கன்சோல்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடந்த ஓராண்டாக எங்கள் வீட்டு முன்னறையில் சேகா மெகா டிரைவ் என்ற வீடியோ கேம் கன்சோலின் முதல் வடிவத்தை, என்.ஏ.டி. 3020 ஆம்ப்ளிஃபையருடனும் யமஹா என்எஸ்-10எம் ஸ்பீக்கர்களுடனும் இணைத்து ஆடி வருகிறேன். மூன்றும் பிறர் பயன்படுத்திய பின் என் கைக்கு வந்தவை. ஆம்ப்பும் ஸ்பீக்கரும் 1978இல் சந்தைக்கு வந்த வடிவங்கள். கன்சோல் பத்தாண்டு கழித்து, 1988 அக்டோபரில் ஜப்பானில் வெளியானது. இந்தச் சேர்க்கைக்குக் கொடுத்த பணமும் பட்ட பாடும் தகுமா என்றால், தகும். ஆனால் நல்ல ஒலி விலையுயர்ந்த ஸ்பீக்கரில் தொடங்குகிறது என்று எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்கியது என் பிழை. கன்சோலின் எந்தத் துளையிலிருந்து ஒலியை எடுக்கிறோம் என்பதிலேயே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது.

என்னிடம் இருப்பது ஜெனிசிஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்கப்பட்ட தொடக்ககாலப் பெட்டி. அதன் தலையில் ‘ஸ்டீரியோ சவுண்ட்’ என்று பெருமையாகப் பொறித்திருக்கிறார்கள். பின்பக்கமுள்ள எட்டு ஊசி ஏவி துளையிலோ மோனோ ஒலி (இரு பக்கமும் ஒரே ஒலி) மட்டுமே வருகிறது. ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்பக்கத்தில் நகர்த்தும் வால்யூமுக்கு அருகிலுள்ள ஹெட்போன் துளைக்குத்தான் போக வேண்டும். ஆகவே படத்தைப் பின்னாலிருந்தும் ஒலியை முன்னாலிருந்தும் எடுக்கிறேன். ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின்களும் உள்ள சாதாரண ஒயர் இதற்குப் போதும். பெட்டியின் முகத்திலிருந்து ஒயர் தொங்குவது அழகில்லைதான். ஆனால் ‘சோனிக்’ வரிசையின் முதல் ஆட்டத்தில் வளையங்களை வரிசையாக அள்ளும்போது ஒரு ‘டிங்’ இடது ஸ்பீக்கரிலும் அடுத்தது வலது ஸ்பீக்கரிலும் மாறி மாறி ஒலிப்பதைக் கேட்டவுடன் அந்தக் குறை மறந்துபோகும். பின்துளையில் மட்டும் இணைத்து ஆடியவர்களுக்கு இந்த விளையாட்டு நடப்பதே தெரியாது.

இந்த ஒலிக்கு ஹெட்போனைவிட ஸ்பீக்கரே பொருத்தம் என்பதற்குக் காரணம் கன்சோலின் ஒலியை உருவாக்கும் சில்லிலேயே (சிப்) இருக்கிறது. உள்ளே இருக்கும் யமஹா ஒய்எம்2612 சில் ஆறு எஃப்எம் தடங்களைக் கையாளுகிறது (இந்த எஃப்எம் வானொலி அல்ல, ஒலியை உண்டாக்கும் ஒரு முறை). ஒவ்வொரு தடமும் முழுக்க இடம், முழுக்க வலம், அல்லது இரண்டிலும் என்ற மூன்றே நிலைகளில் ஒன்றில்தான் நிற்க முடியும், இடைப்பட்ட இடம் கிடையாது. ஹெட்போனில் இது ஒரு காதை மட்டும் குத்துவதுபோல இருக்கும். ஸ்பீக்கரில் கேட்கும்போது இரு பக்க ஒலியும் அறையின் காற்றில் கலந்துவிடுவதால், அதே இசை அகலமாக விரிகிறது.

இந்தியாவில் 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் விற்ற மெகா டிரைவ் 2, பின்துளையிலேயே ஸ்டீரியோ தருகிறது. ஆனால் அந்த இரண்டாம் வடிவத்தின் பல சர்க்யூட் பலகைகளில் ஒலி மந்தமாகவும் கலங்கலாகவும் வருவதால் முதல் வடிவத்தையே பரிந்துரைப்பேன். வாங்கும்போது 60 ஹெர்ட்ஸ் பெட்டியா, அதாவது நொடிக்கு அறுபது முறை படத்தைப் புதுப்பிப்பதா என்று பார்ப்பதும் நல்லது. 50 ஹெர்ட்ஸ் பெட்டியில் பல ஆட்டங்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், பாட்டும் சேர்ந்து இழுக்கும். சோனிக் முதல் ஆட்டம் அப்படி இழுப்பவற்றில் ஒன்று.

இனி ஆம்ப். ஒரு பக்கத்துக்கு 20 வாட் என்ற எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் வால்யூம் குமிழ் ஒன்பது மணி நிலையைத் தாண்டிய நாள்கள் குறைவு. கன்சோலைப் பொதுவான வெளிக்கருவிகளுக்கான ஆக்ஸ் துளையில்தான் செருக வேண்டும். இடம் காலியாக இருக்கிறதே என்று போனோ துளையில் செருகினால், இசைத்தட்டு முள்ளுக்காக அமைந்த அந்தச் சுற்று தாழ்சுரத்தைத் தூக்கி உச்சசுரத்தை அமுக்கி, எல்லாவற்றையும் இரைச்சலாக்கிவிடும். இரவில் குரலைக் குறைத்து ஆடும்போது லவுட்னஸ் பொத்தான் கைகொடுக்கிறது, அடித்தளச் சுரம் மெலிந்துபோகாமல் நிற்கிறது. இன்றைய ஆம்ப்கள் பலவற்றில் பாஸ், டிரெபிள் குமிழ்களே இல்லாதபோது, பழைய கன்சோலின் கரடுமுரடான ஒலியைக் கையால் செதுக்கிக்கொள்ள இவை இருப்பது பெரும் வசதி.

ஆனால் இது ஓடும் நிலையில் என் கைக்கு வரவில்லை. இணையத்தில் விற்றவர் மின்னைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் அனைத்தும் மாற்றப்பட்டவை என்று உறுதியளித்திருந்தார். மூடியைத் திறந்தபோது எல்லாம் பழையவையாகவே இருந்தன, இரண்டின் தலை உப்பியிருந்தது. ஸ்பீக்கரில் இடைவிடாத ‘ம்ம்ம்’ என்ற முழக்கம். ரிச்சி தெருவில் கெப்பாசிட்டர்களை வாங்கி, பழைய ஆம்ப்களில் கைபழகிய ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றியதில் நாலாயிரத்துச் சொச்சம் செலவாயிற்று. சென்னையின் உப்புக்காற்று வால்யூம் குமிழையும் விட்டுவைக்கவில்லை. திருப்பும்போதெல்லாம் கரகரத்தது, கான்டாக்ட் கிளீனர் அடித்த பிறகே அடங்கியது. இந்தச் செலவை வாங்கும் விலையோடு சேர்த்துக் கணக்கிடாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

கன்சோலிலிருந்து ஸ்பீக்கர் வரை முழுக்க அனலாக் பாதை என்பதால் ஒலி தாமதிப்பதே இல்லை. ப்ளூடூத் ஸ்பீக்கரில் பத்தில் ஒரு நொடிக்கும் மேலாகத் தாமதம் ஏற்படுவது வழக்கம். ஒரு சட்டகம் (ஃபிரேம்) அறுபதில் ஒரு நொடியே நிற்கும் ஆட்டத்தில், குதித்து இறங்கிய பிறகு குதித்த சத்தம் வருவதைப்போன்ற எரிச்சல் வேறில்லை.

ஸ்பீக்கர்களைப் பற்றி மட்டும் என் மனம் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. என்எஸ்-10எம் வீட்டு உபயோகத்துக்காக வெளியிடப்பட்டு, பின்னர் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம்பிடித்த, வெள்ளைக் காகித வூஃபர் (தாழ்சுரக் கூம்பு) கொண்ட மூடிய பெட்டி. நடுச்சுரத்தை முன்னே தள்ளுவது இதன் இயல்பு. யமஹா சில்லின் உலோகத்தன்மையுள்ள பேஸ் கிட்டார் ஒலி, யமஹாவின் இந்தக் காகிதக் கூம்பில் அதிரும்போது ஒவ்வொரு சுரத்தின் விளிம்பும் தனித்துத் தெரிகிறது. ஆனால் அரைமணி நேரம் போனால் காது களைக்கிறது. இதே குறைக்காக அக்காலத்து ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் உச்சசுரம் தரும் ட்வீட்டரின் மேல் டிஷ்யூ தாளை ஒட்டியது பிரசித்தம். நானும் ஒட்டிப் பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்ததுதான் மிச்சம். டிரெபிள் குமிழைப் பதினொரு மணிக்கு இறக்கியதே போதுமானதாக இருந்தது. இந்த ஜோடிக்கு இப்போது கேட்கப்படும் விலையைப் பார்த்தால், ஆட்டத்துக்காக மட்டும் வாங்குவது வீண் ஆடம்பரம். நல்ல நிலையிலுள்ள எந்தப் பழைய புத்தக அலமாரி ஸ்பீக்கரும் இந்த இன்பத்தின் பெரும்பகுதியைத் தந்துவிடும்.

காந்தக் கவசம் இல்லாத இந்த ஸ்பீக்கர்களை முதல் நாள் பழைய குழாய்த்திரை (சிஆர்டி) டிவியின் இருபுறமும் ஒட்டி வைத்தேன். சற்று நேரத்தில் திரையின் வலது மூலையில் நீல வானம் இருந்த இடத்தில் கத்தரிப்பூ நிறக் கறை படர்ந்தது. ஸ்பீக்கர்களை இரண்டடி தள்ளி வைத்து, டிவியை அணைத்துச் சிறிது நேரம் ஆறவிட்டு மீண்டும் போட, உள்ளிருக்கும், காந்தத் தாக்கத்தை நீக்கும் டீகாஸ் சுருள் இரண்டு மூன்று முறையில் கறையைத் துடைத்துவிட்டது. தள்ளி வைத்ததால் ஸ்டீரியோவும் விரிந்தது என்பது எதிர்பாராத லாபம்.

நல்ல ஆம்ப் குறைகளையும் காட்டிக்கொடுக்கும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஒய்எம்2612 சில்லின் டிஜிட்டல்-அனலாக் மாற்றிக்கு ஒன்பது பிட் துல்லியம்தான். மெல்லிய சுரங்கள் தேயும்போது ஒரு சொரசொரப்பு எஞ்சுகிறது. டிவி ஸ்பீக்கரில் மறைந்துகிடந்த அது இங்கே தெளிவாகக் கேட்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, இட்லிப் பொடியில் அரைபடாத பருப்பு பல்லில் படுவதைப்போல. வழுவழுப்பான ஒலியை விரும்புகிறவர்களுக்கு அது குறையாகவே படும்.

ஒயருக்கு அதிகம் செலவிட வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல அடாப்டர் ஒன்றை வாங்கலாம்: முதல் வடிவத்துக்கு 9 வோல்ட், நடு ஊசி நெகட்டிவ், இரண்டாம் வடிவத்தில் துருவம் தலைகீழ், மாற்றிப் போட்டால் பெட்டியே போய்விடும். மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டட் அடாப்டருக்கு மாறிய பிறகு என் கன்சோலில் எஞ்சியிருந்த முழக்கமும் நின்றது. வால்யூம் நகர்த்தியைக் கடைசி வரை தள்ளினால் இரைச்சல் ஏறுவதால், முக்கால் அளவில் நிறுத்தி, விருந்தினர் வீட்டுப் பிள்ளைகள் நகர்த்தாதபடி மேலே ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன்.