எதிர்க் கல்லூரி ரத்த தான முகாம்: நோட்டீஸ் அடித்தவனின் விமர்சனம்

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 12 வருஷமாக அந்தக் கல்லூரி என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பிள்ளைகளுக்கு நோட்டீஸ், ஃப்ளெக்ஸ் எல்லாம் என் கடையில்தான். ‘ரத்த தானம் செய்வீர்’ என்று எத்தனை ஆயிரம் தாளில் அடித்திருப்பேனோ, ஒரு தடவைகூட நான் கொடுத்ததில்லை. நாலு வருஷமாக சுகர். மாத்திரை போடுகிறவன் ரத்தம் யாருக்கு ஆகும் என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

இந்த முறை அக்டோபர் 1, தேசிய தன்னார்வ ரத்த தான நாளுக்கு முகாம். நோட்டீஸ் கட்டை வாங்க வந்த பெண்ணின் சட்டையில் என்.எஸ்.எஸ்.காரர்கள் குத்திக்கொள்ளும் அந்தக் கொனார்க் சக்கர பேட்ஜ். “அண்ணே, நீங்க வரலையா?” என்றாள். சுகர் என்றேன். வழக்கமாக இந்த இடத்தில் பிள்ளைகள் “பரவால்லண்ணே” என்று போய்விடுவார்கள், இல்லாவிட்டால் ஒரு துளி ரத்தம், ஓர் உயிர் என்று ஆரம்பிப்பார்கள். இவள் இரண்டும் செய்யவில்லை. “இன்சுலினா, மாத்திரையாண்ணே?” என்று கேட்டாள். மாத்திரைதான் என்றேன். “அப்ப நீங்களா முடிவு பண்ணாதீங்க. வந்து டாக்டர்கிட்டயே கேளுங்க.” அவ்வளவுதான். மறுநாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸில் காலை 9 மணி என்று என் கையால் அடித்திருக்கிறேன். ரத்த வங்கி ஆட்கள் சரியாக வந்து கட்டில் எல்லாம் போட்டுவிட்டார்கள். ஆனால் சிறப்பு விருந்தினர் வந்து ரிப்பன் வெட்டும் வரை யாரையும் படுக்க விடவில்லை. அவர் வந்தது 10.45-க்கு. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லிப் பிள்ளைகளை வரவழைத்து, அது செரித்துப் போகும் வரை உட்கார வைத்தால் எப்படி? ஹாஸ்டல் பையன்கள் நாலைந்து பேர் எழுந்து போனதை நானே பார்த்தேன். அப்புறம் போட்டோ. ஊசி குத்தின கையோடு சிரிக்கச் சொல்கிறார்கள்.

ரிப்பன் வெட்டின பிறகு வேலை ஓடியது. படிவம், எடை, விரல் நுனியில் ஒரு குத்து. அந்தத் துளியை நீலத் தண்ணீரில் விட்டார்கள். காப்பர் சல்ஃபேட்டாம். துளி மூழ்கினால் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையவில்லை என்று அர்த்தம். என்னுடையது கல் மாதிரி இறங்கியது. எனக்கு முன்னால் நின்ற மாணவியின் துளி மேலேயே மிதந்தது. “அடுத்த தடவை வாம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது. இப்படித் திரும்பியவர்களில் பெண் பிள்ளைகள்தான் அதிகம். கீரை, இரும்புச்சத்து மாத்திரை என்று நாலு வார்த்தை சொல்ல அங்கே ஒரு மேஜை போட்டிருக்கலாம். ரிப்பனுக்கு மேஜை இருந்தது.

டாக்டரம்மா என்னை உட்கார வைத்து, கடந்த 4 வாரத்தில் மாத்திரையோ அளவோ மாற்றினார்களா, கால் மரத்துப் போகிறதா, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு வருகிறதா, ஆறாத புண் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. பிபி பார்த்தார். “இன்சுலின் போடுறவங்கள எடுக்க மாட்டோம். நீங்க தாராளமா கொடுக்கலாம்” என்றார். நாலு வருஷத் தீர்ப்பு நாலு நிமிஷத்தில் ரத்து.

ஊசி ஏறும்போது வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கையில் ஒரு ஸ்பாஞ்ச் பந்து கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். பக்கத்தில் தராசு மாதிரி ஒன்று பையைத் தொட்டில் போல ஆட்டிக்கொண்டே இருந்தது. 350 மில்லி, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு பையன் தலைமாட்டில் நின்று, என் கடையில் கலர் பிரிண்ட் ஏன் இவ்வளவு விலை என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தான். பயத்தை மறக்கடிக்க அப்படிப் பேசச் சொல்லியிருந்தார்களாம். பிறகு மாம்பழ ஜூஸ், பிஸ்கட், கால் மணி நேரம் ஓய்வு. நான் பாதியில் எழப் பார்த்தபோது அந்தப் பேட்ஜ் பெண் வந்து மறுபடி உட்கார வைத்தாள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்று என் அட்டையில் அடுத்த தேதியையும் எழுதிக் கொடுத்தாள்.

ஐந்துக்கு நாலு தருவேன். குறைத்த ஒன்று அந்த ரிப்பனுக்கு.

போன வாரம் அவளே அடுத்த நோட்டீஸோடு வந்தாள். ‘உயிர் காப்பீர்’ வரியை எடுத்துவிட்டு, ‘சுகர் மாத்திரை போடுபவரா? வந்து டாக்டரிடம் கேளுங்கள்’ என்று எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எழுத்தின் அளவை 14-லிருந்து 20 ஆக்கிக் கொடுத்தேன். பழைய ஃப்ளெக்ஸ் பாக்கி 300 ரூபாய் மட்டும் இன்னும் வரவில்லை.